கனியமணற் குவியலும் செய்தி வரிசையும்

புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளமை பலரும் அறிந்ததே. 1957இல் நிறுவப்பட்ட கனியமணற் கூட்டுத்தாபனத்தின் வழிவந்த ஆலை அவற்றைப் பிரித்தெடுக்கின்றது. ஆலை தன் கதியில் இயங்கும். கப்பலோ தன் காலத்தில் வரும். இடையே கரையில் மணற்குவியல் இருப்பதனாலேயே ஆலை கப்பலுக்காகக் காத்து நிற்பதில்லை. ஜாவா மொழியில் எழுதப்படும் இணையச் செயலிகளிலும் இந்நியதியே பயில்கின்றது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பயனரின் வேண்டுகை வழங்கியை அடைந்ததும், அதனைக் கவனிக்க ஓர் இழை ஒதுக்கப்படும். ஒரு செயலியினுள் தனித்து ஓடும் கட்டளைத் தொடரே இழை எனப்படுவது. இழைகள் அளவிறந்தன அல்ல. அப்பாச்சி டொம்கற் வழங்கியில் இயல்பான உச்ச எண்ணிக்கை 200. அவையனைத்தும் அறிக்கை தயாரிப்பதிலோ மின்னஞ்சல் அனுப்புவதிலோ முடங்குமாயின், அடுத்து வருவோர் வாயிலிலேயே நிற்க நேரிடும். ஆதலின் நெடும்பணியைப் பின்புல இழையிடம் ஒப்படைத்துப் பயனருக்கு உடன் விடையளித்தல் வேண்டும்.

வேண்டியபோதெல்லாம் புதிய இழையைத் தோற்றுவித்தல் முறையன்று. 2004இல் வெளிவந்த ஜாவா 5, வரையறுத்த இழைத்தொகுதிகளை ஆளும் கருவிகளை அளித்தது. 2013இல் வந்த ஜாவா ஈஈ 7 அவ்வாட்சியை வழங்கியிடமே ஒப்படைக்க வழிசெய்தது. 2023இல் வந்த ஜாவா 21இன் மெய்ந்நிகர் இழைகள் காத்திருத்தலின் செலவைப் பெரிதும் குறைத்தன. எனினும் இழை நினைவகத்தில் வாழ்வது; வழங்கி நின்றுவிடின் அதன் கையிலிருந்த பணியும் அழியும்.

அக்குறையை நீக்குவது செய்தி வரிசை. வட்டில் எழுதப்பட்ட செய்தி, பெறுவோன் பணியை முடித்து ஒப்புதல் அளிக்கும்வரை வரிசையினின்று நீங்காது. அனுப்பியோன் காத்திராத இத்தகைய பரிமாற்றத்திற்கு உதவும் ஜாவா மென்பொருள்களான அப்பாச்சி அக்சிசு2, சினப்சு ஆகியவற்றின் ஆக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர் பெரும்பங்கு கொண்டனர் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

புல்மோட்டையிலிருந்து ஒருவர் இணையவழி விண்ணப்பம் அனுப்புவதாகக் கொள்வோம். "கிடைத்தது" என்னும் விடையை நம்பி அவர் திருகோணமலைக்குப் பயணப்படாது விடுகின்றார். விண்ணப்பம் வட்டில் பதியுமுன் அவ்விடை செல்லுமாயின், பின்னர் அது தொலைந்ததை அவர் அறியார். இறுதி நாளும் கடந்துவிடும். ஆகவே பதிந்த பின்னரே ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரே செய்தி இருமுறை வரலாமாதலின், ஒவ்வொன்றுக்கும் தனியெண் இட்டு மறுபதிவைத் தவிர்த்தல் வேண்டும். வரிசைக்கும் எல்லை வகுத்து, அது நிரம்பியவிடத்து "பின்னர் முயல்க" என வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். விரைவு கருதி இம்மூன்றையும் கைவிடும் செயலி, தன் காத்திருப்பைப் பயனர் தலையில் ஏற்றுவதாகவே முடியும் என்பது எமது கருத்தாகும்.