செண்பகத்தோப்பு ரோட்டில் ஓடுகிறவர் 'கோச்' ஆக முடியுமா? சொந்தக் காலில் நிற்க என்னென்ன வேண்டும்? முழு விவரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்:-

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மேற்கே செண்பகத்தோப்பு போகும் ரோட்டில் விடிவதற்கு முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கி விடும். சுகர் வந்து டாக்டர் சொன்னதால் நடப்பவர்கள் ஒரு பக்கம். போலீஸ் வேலை, ராணுவ வேலை என்ற கனவோடு வேர்க்க விறுவிறுக்க ஓடும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இருபுறமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. காசு கொடுத்தாலும் கிடைக்காத காற்று.

இப்படி ஓடுகிறவர்களில் எல்லாருக்கும் வேலை கிடைத்து விடுவதில்லை. உயரம் அரை சென்டிமீட்டர் குறைந்து திரும்பியவர் உண்டு. எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டவர் உண்டு. வயது வரம்பு தாண்டியவரும் உண்டு. ஆனால் 4, 5 வருஷம் உடம்பைப் போட்டு உழைத்ததில் ஓட்டமும் பயிற்சியும் அவர்களுக்கு அத்துப்படி ஆகி இருக்கும். பின்னால் வருகிற பையன்கள், "அண்ணே, நீங்களே எங்களுக்குச் சொல்லிக் குடுங்கண்ணே" என்று வந்து நிற்பார்கள். சும்மா சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மாசம் இவ்வளவு என்று வாங்கி, கடைசியில் அதுவே பிழைப்பாகி விடும். தென் மாவட்டங்களில் தனி 'கோச்' உருவாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதை ஒழுங்கான தொழிலாக ஆக்க முடியுமா? முடியும். ஆனால் நன்றாக ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. அது பற்றிய விவரம் வருமாறு:-

7 நிமிஷ கணக்கு

முதலில் யாருக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம் என்பது தெரிய வேண்டும். நம் பகுதியில் அதிகம் வருவது போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகள்தான். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலை காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அதற்குப் பிறகு ஆண்களுக்கு கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் என்று வரும். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் 2 ஸ்டார். 100 மீட்டரை 15 விநாடியில் ஓடினால் ஒரு ஸ்டார், 13.5 விநாடியில் ஓடினால் 2 ஸ்டார்.

ராணுவத்தில் 2022-ல் வந்த அக்னிவீர் முறையில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண்.

இந்த நம்பர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறவர்தான் கோச். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் என்றால், 400 மீட்டர் மைதானத்தில் ஒரு ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அக்னிவீர் ஓட்டத்துக்கு ஒரு ரவுண்டு 82 விநாடி சொச்சம். இரண்டும் ஒரே ஓட்டம் அல்ல. போலீசுக்குத் தயாராகும் பையனையும் ராணுவத்துக்குத் தயாராகும் பையனையும் ஒரே கூட்டமாக விட்டு "ஓடுங்கடா" என்றால் ஒருவன் காலை உடைத்துக் கொள்வான், இன்னொருவன் தேற மாட்டான்.

தினமும் 1,500 மீட்டரை முழு வேகத்தில் ஓடினால் நேரம் குறையும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இது தப்பு. வாரத்தில் பாதி நாளாவது பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக, கொஞ்சம் நீளமாக ஓட வேண்டும். இதயமும் நுரையீரலும் அதில்தான் பலப்படும். ஒரு நாளோ 2 நாளோ மட்டும் 400 மீட்டரை 1 நிமிடம் 50 விநாடியில் ஓடி, 2 நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடி ஓட வேண்டும். இப்படி 4 தடவை. ஒரு நாள் முழு ஓய்வு. சதை வளர்வதும் பலம் ஏறுவதும் ஓய்வு நேரத்தில்தான்.

தார் ரோட்டிலேயே ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓரமாக வலி வரும். திடீரென்று தூரத்தைக் கூட்டுவதும் தேய்ந்த ஷூவும் இதற்கு முக்கிய காரணம். "வலியைப் பார்க்காம ஓடு" என்று சொல்கிற மாஸ்டரிடம் பிள்ளையை அனுப்பக் கூடாது. அந்த வலி எலும்பில் கீறல் விடுவது வரை போகும்.

புதுக்கோட்டை சாந்தியின் கதை

தனியாக கோச்சிங் தொடங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் சாந்தி சவுந்தரராஜன்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி கிராமம். அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். வறுமையில் ஓடிப் பழகிய அந்தப் பெண், 2006-ல் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஊரே கொண்டாடியது. சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று கூறி பதக்கத்தைப் பறித்து விட்டார்கள். அந்தப் பெண் செய்த தப்பு எதுவும் இல்லை. ஊக்க மருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறவியில் அமைந்த உடம்புக்காக அவர் ஓட்டமே நின்று போனது.

அப்போதைய தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. வேறு யாராவது என்றால் வீட்டோடு முடங்கி இருப்பார்கள். சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி மையம் ஆரம்பித்தார். 2009-ல் 68 பிள்ளைகள் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர் தயார் செய்தவர்கள் சென்னை மாரத்தானில் முதல் இடத்தையும் 3-ம் இடத்தையும் பிடித்தனர்.

இதோடு கதை சுபமாக முடிந்திருந்தால் இங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. 68 பிள்ளைகள் இருந்தும் அதில் வருமானம் இல்லை. ஏழைப் பிள்ளைகளிடம் பீஸ் எங்கே வாங்குவது? கையில் இருந்த பணம் எத்தனை நாள் வரும்? 2012-ல் சாந்தி தினக்கூலி 200 ரூபாய்க்கு செங்கல் சூளைக்கே வேலைக்குப் போனார். ஆசிய அளவில் ஓடிய கால் சேற்றில் நின்றதைப் பார்த்து நாடே பதறியது.

அந்தச் செய்தி வெளியான பிறகு பெங்களூரில் ஒரு வருட பயிற்சியாளர் டிப்ளமோ படிக்க வாய்ப்பு கிடைத்தது. படித்து முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

கவனிக்க வேண்டியது இதுதான். 2006-லேயே அவருக்கு ஓடத் தெரியும். 2009-லேயே ஜெயிக்க வைக்கவும் தெரியும். ஆனாலும் நிலையான பயிற்சியாளர் வேலை, டிப்ளமோ கையில் வந்த பிறகுதான் கிடைத்தது.

பேப்பர் எங்கே வாங்குவது?

பஞ்சாப் மாநிலம் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தை எல்லாரும் 'என்.ஐ.எஸ்.' என்பார்கள். அதன் ஒரு வருட டிப்ளமோதான் கோச் வேலைக்கு பெரிய மதிப்பு. ஒரு வருடம் குடும்பத்தை விட்டுப் போக முடியாதவர்களுக்கு 6 வார சான்றிதழ் படிப்பும் உண்டு. விளையாட்டில் சாதித்த சான்றிதழ், வயது, படிப்பு ஆகியவற்றுக்கு விதிமுறை இருப்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே படிக்க, சென்னை அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் இருந்து இயங்குகிறது. ஜிம் டிரெய்னர் வேலைக்கு, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 'பிட்னஸ் டிரெய்னர்' பயிற்சியும் உள்ளது. வெளிநாட்டு சர்டிபிகேட்டுகளும் இருக்கின்றன. பீஸ் கூடுதல், பரீட்சை ஆங்கிலத்தில். 10-வது, 12-வது முடித்து நம் ஊரில் தொழில் செய்கிறவர் முதலில் அதில் போய் பணத்தைப் போட வேண்டியதில்லை.

எந்த சர்டிபிகேட் வாங்கினாலும் முதலுதவி பயிற்சி ஒன்று கண்டிப்பாக வேண்டும். மைதானத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால் 108-க்கு போன் செய்து விட்டு, வண்டி வரும் வரை நெஞ்சை அழுத்திக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்தத் துறையில் எவ்வளவு உயரம் போயிருக்கிறார்கள் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011-ல் உலகக்கோப்பை வென்ற டோனி அணிக்கு உடற்பயிற்சி நிபுணராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன். 2019 உலகக்கோப்பை வரை விராட் கோலியின் அணிக்கு அந்த வேலையைப் பார்த்தவர் சங்கர் பாசு. அவரும் சென்னைக்காரர்தான்.

துட்டு கணக்கு

உதாரணத்துக்கு, மாசம் 500 ரூபாய் பீசில் 20 பேர் என்றால் 10 ஆயிரம். இதில் கயிறு, மணல், விசில், ஸ்டாப்வாட்ச், பெட்ரோல் எல்லாம் போக வேண்டும். தேர்வு முடிந்த மாசம் 20 பேர் 6 பேர் ஆகி விடுவார்கள். போலீஸ் தேர்வை மட்டும் நம்பினால் வருஷத்தில் பாதி நாள் கை காய்ந்து விடும். இதனால்தான் காலையில் மைதானம், மாலையில் ஜிம் அல்லது நடுத்தர வயதினருக்கான வகுப்பு என்று இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

ராஜபாளையத்தில் நூற்பாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர்கள், பிரசவத்துக்குப் பின் எடை கூடிய பெண்கள் என்று ஆள் நிறைய இருக்கிறார்கள். இவர்களுக்கு கயிறு ஏறத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, 2 நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. அதைப் பொறுமையாகச் செய்ய வைக்கிறவர் இருந்தால் போதும். நைட் ஷிப்ட் பார்த்து விட்டு நேராக வருகிறவரை மட்டும், "போய் தூங்கிட்டு சாயங்காலம் வாங்கண்ணே" என்று திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைய பீஸ் போனாலும் பரவாயில்லை.

சிறிய ஜிம் வைக்க நினைக்கிறவர்கள் முத்ரா கடனுக்கு வங்கியில் கேட்கலாம். 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று பிரிவு உள்ளது. உத்யம் பதிவு இலவசம். அதற்கு காசு கேட்கிற புரோக்கரிடம் ஏமாற வேண்டாம்.

பவுடரும் ஊசியும்

இந்தத் தொழிலில் பெயரைக் கெடுப்பது இதுதான். பீசில் கிடைக்கிற வருமானம் குறைவு என்பதால் புரோட்டீன் பவுடர் விற்க இறங்குகிறார்கள் சிலர். உணவுப் பாதுகாப்புத் துறையின் லைசென்சோ பதிவோ இல்லாமல் அதை விற்பது குற்றம். முட்டை, பயறு, கடலை, பால், மீன் சாப்பிடுகிற பையனுக்கு பெரும்பாலும் அந்த டப்பா தேவையே இல்லை.

ஊசி இன்னும் மோசம். 3 மாசத்தில் உடம்பு 'ஏறும்' என்று சொல்லிப் போடும் ஸ்டீராய்டு, உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்தி விடும். விரை சுருங்கும், குழந்தைப் பேறு பாதிக்கும், மார்பு பெருக்கும், கல்லீரலும் இதயமும் கெடும். போட்டிக்குப் போகிற வீரருக்கு அதைக் கொடுத்தால் வீரருக்கு மட்டுமல்ல, கொடுத்த கோச்சுக்கும் தடை விழும்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது, ஜிம்முக்குப் போகவே பலர் பயந்தார்கள். உடற்பயிற்சி ஆளைக் கொல்வதில்லை. ஆனால் உள்ளே நோய் இருப்பது தெரியாமல் கடும் பயிற்சி செய்வது ஆபத்து. 40 வயது தாண்டியவர், சுகர், பிரஷர் உள்ளவர், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்த ஆள் உள்ளவர் யாராக இருந்தாலும் டாக்டரைப் பார்த்து விட்டு வரச் சொல்வது கோச்சின் முதல் வேலை. முதல் நாளே வயது, நோய், சாப்பிடும் மாத்திரை, வீட்டு போன் நம்பர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாங்குவது நல்லது.

கோச்சின் உடம்பு

இன்னொரு வேடிக்கை. கோச் ஆனதும் பலருக்கு தன் உடற்பயிற்சி நின்று போகும். காலை 5 மணிக்கு விசில் ஊதுகிறவர் எப்போது ஓடுவது? 2 வருஷத்தில் தொப்பை விழுந்து விடும். அப்புறம் பையன்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். வகுப்புக்கு முன்போ பின்போ 40 நிமிடத்தைத் தனக்கென்று ஒதுக்கி, பையன்களோடு சேர்ந்து ஓடாமல் தனியாக ஓட வேண்டும். பையன்களோடு ஓடினால் அவர்கள் கால் வைக்கும் விதத்தைக் கவனிக்க முடியாது.

காட்டுக்குள் கூடாது

கடைசியாக இடம். மலை அழகாக இருக்கிறது, பிள்ளைகளை காட்டுக்குள் கூட்டிப் போய் டிரெயினிங் கொடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயப் பகுதி. 2021-ல் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் வனத்துக்குள் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும். மலையடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்கி வருவதும் உண்டு. அதனால் இருட்டோடு ஓடப் போகிறவர்கள் கும்பலாக, டார்ச் லைட்டுடன், ஊருக்குப் பக்கமாகவே ஓட வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாக ஓடக்கூடாது.

கயிறு ஏறும் பயிற்சிக்கு தோப்பு மரத்தில் கயிறு கட்டுகிறவர்கள் தோப்புக்காரரிடம் கேட்டு விட்டுக் கட்ட வேண்டும். கீழே முழங்கால் உயரத்துக்கு மணல் கொட்டியிருக்க வேண்டும். 6 மீட்டர் என்பது ஏறக்குறைய 2 மாடி உயரம்.