பரணிலிருந்து மேஜைக்கு வந்த பழைய கம்ப்யூட்டர்!

கழுத்து வலி என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறோம். வலி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கிறோமா? நான் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது ஒரு கணக்குப் பிழை.

வீட்டு வேலை முடிந்த பிறகு இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தருகிறேன். மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனைப் பட்டியலை ஏற்ற வேண்டும். என்னிடம் இருப்பதோ சின்ன லாப்டாப். ஒரு ஜன்னலில் பில். இன்னொன்றில் கணக்குத் தாள். பில்லைப் பார்த்து, தொகையை மனசில் வைத்துக்கொண்டு, ஜன்னலை மாற்றி எழுத வேண்டும். அடுப்பில் பால், கூடத்தில் குழந்தையின் அழுகை, மனசில் தொகை! 48,650 என்பதை 46,850 என்று எழுதிவிட்டேன்.

சரக்கு வாங்கியவர் சண்டைக்கு வந்துவிட்டார். கடைக்காரர் பொறுமைசாலிதான். ஆனாலும், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைத்தாம்மா பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்த வருமானத்தில்தான் பெண்ணின் பள்ளிக்கூடக் கட்டணம் போகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

"இன்னொரு திரை இருந்தா பில்லை இதுல, கணக்கை அதுல வெச்சுக்கலாமே" என்றார் என்னவர். விலை விசாரித்தோம். ஏழெட்டாயிரம் என்றதும் பேசாமல் திரும்பி வந்துவிட்டோம்.

அப்போதுதான் பரணில் கிடந்த அவருடைய பழைய லாப்டாப் நினைவுக்கு வந்தது. மெதுவாக ஓடுகிறதென்று மூட்டை கட்டி வைத்தது. "அதுக்கும் திரை இருக்கே!" என்று 350 ரூபாய்க்கு ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி இரண்டையும் இணைத்தேன். ஒன்றும் வரவில்லை!

விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் பையன் சிரித்தான். "அத்தை, லாப்டாப்புல இருக்கிற அந்த ஓட்டை படத்தை வெளியே அனுப்பத்தான். உள்ளே வாங்காது. ரெண்டு குழாயை வாயோட வாய் வெச்சா தண்ணி எங்கே போகும்?" என்றான். பிறகு, "கம்பியே வேண்டாம், இருங்க" என்று உட்கார்ந்தான். அரை மணியில் வேலை முடிந்தது. அவன் செய்ததைச் சொல்கிறேன்.

எப்படிச் செய்வது?

இரண்டிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருக்க வேண்டும். வைஃபையும் வேலை செய்ய வேண்டும். இதற்கு உதவுவது மிராகாஸ்ட் என்ற முறை. 2012-ல் வந்தது. செல்போன் படத்தை டி.வி.யில் காட்டுகிறோமே, பெரும்பாலும் அதே வித்தைதான்.

முதலில் பழைய லாப்டாப். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்ற இடத்துக்குப் போய், 'ஒயர்லெஸ் டிஸ்ப்ளே' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்டர்நெட் தேவை. பிறகு செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'புரொஜெக்டிங் டு திஸ் பிசி'. அங்கே அனுமதி கொடுத்து, ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்கும்படி வையுங்கள். அடுத்த வீட்டார் படம் நம் திரைக்கு வரக் கூடாதல்லவா? அந்தப் பக்கத்திலேயே இருக்கும் செயலியைத் திறந்து வைத்துவிட்டால் அது காத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, வேலை செய்யும் லாப்டாப். விண்டோஸ் பொத்தானையும் 'கே' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் பழைய லாப்டாப்பின் பெயர் தெரியும். அதைத் தொட்டு, பின் எண்ணைக் கொடுங்கள். பிறகு விண்டோஸ் பொத்தானோடு 'பி' அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டூப்ளிகேட்' என்றால் ஒரே படம் இரண்டிலும் தெரியும். நமக்கு அது வேண்டாம். எக்ஸ்டெண்ட் கொடுத்ததும் மௌஸின் அம்பு இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்குத் தாவியது. எனக்குக் குழந்தை மாதிரி குதூகலம்!

'மிராகாஸ்ட் இல்லை' என்று உங்கள் லாப்டாப் சொன்னால் சோர்ந்துவிடாதீர்கள். 'ஸ்பேஸ்டெஸ்க்' என்று ஒரு மென்பொருள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். இரண்டு லாப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும்.

கழுத்துக்கும் கண்ணுக்கும்

டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "குனிஞ்சு பார்க்கறீங்களா?" என்பதுதான். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டுமாம். பழைய தீபாவளி மலர்களை அடுக்கி அதன்மேல் லாப்டாப்பை உயர்த்தினேன். தட்டெழுதத் தனி விசைப்பலகை வைத்துக்கொண்டேன். திரை ஒரு கை நீள தூரத்தில் இருக்கட்டும். இரண்டு திரையையும் சமமாகப் பார்ப்பவர்கள், இரண்டும் சேரும் இடம் மூக்குக்கு நேராக வரும்படி வையுங்கள். ஒரு பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் வலி போகாது, இடம்தான் மாறும்! இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பாருங்கள். நான் தெருவில் இருக்கும் வேப்பமரத்தைப் பார்க்கிறேன்.

கவனிக்க வேண்டியவை

* பரணிலிருந்து இறக்கியதும் பாட்டரியைப் பாருங்கள். அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ, விரலால் தடவும் பலகை மேலே எழும்பியிருந்தாலோ மின்சாரத்தில் செருகவே கூடாது. குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கலாம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

* மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்றுத் துவாரம் அடைத்துச் சூடாகிவிடும்.

* மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகில் வேண்டாம். அது ஓடும்போது வைஃபை தடுமாறலாம்; படமும் திக்கும்.

* பில், கணக்கு, கடிதம் இவற்றுக்கு இந்த முறை அருமை. வேகமான விளையாட்டுக்கு ஏற்றதல்ல. படம் கொஞ்சம் பின்தங்கி வரும். சில சினிமாக்கள் காப்புரிமைப் பூட்டினால் தெரியாமலும் போகலாம்.

* விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பழைய லாப்டாப்பைத் திரையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாங்க் வேலை வேண்டாம்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதியே பட்டியலை ஏற்றிவிட்டேன். இடப் பக்கம் பில், வலப் பக்கம் கணக்கு. விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. கடைக்காரர், "என்னம்மா, ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சுட்டீங்க!" என்றார். கழுத்து வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தைலப் புட்டி அலமாரியை விட்டு இறங்கிப் பத்து நாளாகிறது.

பரணில் என்ன கிடக்கிறது என்று நீங்களும் ஒரு முறை ஏறிப் பாருங்களேன். அந்த 350 ரூபாய் கேபிள் என்னவாயிற்று என்கிறீர்களா? டி.வி.யில் மாட்டியாகிவிட்டது. மாமியார் கோயில் கும்பாபிஷேகத்தைப் பெரிய திரையில் பார்க்கிறார்!