ஆறில் ஒரு பங்கு கேஷை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய ஒரு ப்ரோகிராமை நாலு த்ரெட்டில் ஓடவிட்டேன். ஒரே த்ரெட்டில் ஓடினதைவிட மெதுவாக ஓடியது! லாக் எதுவும் கிடையாது, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கவுண்ட்டர். அப்புறம் எங்கேதான் இடிக்குது? இதைத் தேடப்போய்த்தான் கேஷ் கோஹெரன்ஸ் பக்கம் வந்து சேர்ந்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கோரும் மெமரியின் நகலைத் தன் கேஷில் வைத்துக்கொள்கிறது. ஒரு கோர் தன் நகலில் எழுதினால் மற்ற நகல்கள் பழசாகிவிடும். அதனால் எழுதுவதற்கு முன் அவற்றைச் செல்லாததாக்க வேண்டும். மெமரியிலிருந்து படிக்கும்போதும், 'இதைவிடப் புது மதிப்பு வேறு யாரிடமாவது இருக்கா?' என்று விசாரிக்க வேண்டும்.

பழைய இயந்திரங்களில் எல்லா ப்ராசசரும் ஒரே பஸ்ஸில் இருந்தன. ஒருத்தர் கேட்டால் எல்லார் காதிலும் விழும். இதுதான் ஸ்னூப்பிங். ஆனால் ஆள் சேரச் சேர பஸ் நெரிசலாகிவிடும். 2003-ல் வந்த ஏஎம்டி ஆப்டெரான் பஸ்ஸைக் கைவிட்டு, ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் என்ற வேகமான நேரடி இணைப்புகளால் ப்ராசசர்களைக் கோத்தது.

வயர் மாறியது, பழக்கம் மாறவில்லை. ஒரு கேஷ் மிஸ் வந்தால் எல்லா சாக்கெட்டுக்கும் விசாரணை போகும். 'என்கிட்ட இல்லை' என்றாலும் எல்லாரும் பதில் சொல்லியாகணும். சாக்கெட் கூடக்கூட, டேட்டா போகவேண்டிய வழியை இந்த 'இல்லை'களே அடைத்துக்கொண்டன.

2009-ல் வந்த ஆறு கோர் 'இஸ்தான்புல்' ஆப்டெரானில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 6 எம்பி எல்3 கேஷில் 1 எம்பியை ஒதுக்கி, தன் பக்கத்து மெமரியில் எந்தெந்த லைன் யார் கேஷில் இருக்கிறது என்று குறித்து வைத்தார்கள். பெயர் எச்டி அசிஸ்ட். குறிப்பில் இல்லையா? யாரையும் கேட்கவே வேண்டாம். விலை உயர்ந்த கேஷில் ஆறில் ஒரு பங்கை இழந்தும், நாலு சாக்கெட், எட்டு சாக்கெட் சர்வர்களில் அது லாபமாகத்தான் இருந்தது.

யோசனை புதுசு இல்லை. சென்சியர், ஃபோட்ரியே இருவரும் 1978-லேயே 'டைரக்டரி' முறையை எழுதிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டின் டேஷ் இயந்திரம் அதைக் கட்டியும் காட்டியது. வேகமான வயரைவிட, யாரைக் கேட்க வேண்டாம் என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

சரி, என் ப்ரோகிராம்? கோஹெரன்ஸ் பார்ப்பது வேரியபிளை அல்ல, கேஷ் லைனை. அது 64 பைட். என் 8 பைட் கவுண்ட்டர்கள் நாலும் பக்கத்து பக்கத்தில், ஒரே லைனில் உட்கார்ந்திருந்தன. நாலு கோரும் அந்த ஒரு லைனைப் பிடுங்கிப் பிடுங்கி எழுதிக்கொண்டிருந்தன. இதற்கு ஃபால்ஸ் ஷேரிங் என்று பெயர். எந்த டைரக்டரியாலும் இதைத் தீர்க்க முடியாது, ஏன்னா லைன் நிஜமாகவே இன்னொருத்தரிடம்தான் இருக்கு. ஒவ்வொரு கவுண்ட்டரையும் தனித்தனி 64 பைட்டில் தள்ளி வைத்தேன். வேகம் வந்துவிட்டது.

உங்க கோடிலும் த்ரெட்வாரியாக கவுண்ட்டர் அரே இருந்தால் ஒரு தடவை எட்டிப் பாருங்க.