உங்களுக்குத் தெரியுமா? சேலத்துப் படத்தில் ஒரு கௌபாய்!

குதிரை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி என்று ஹாலிவுட் வெஸ்டர்ன் படங்களில் வலம்வந்தவர் ராட் கேமரூன். 1956 முதல் 1959 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘ஸ்டேட் ட்ரூப்பர்’ தொடரிலும் அவர்தான் நாயகன். கதைக்களம் நெவாடா மாநிலம். காலம் மட்டும் குதிரைக் காலமல்ல, கார்க் காலம்.

அதற்கு முன்பே அவர் ஒரு சேலத்துப் படத்தில் நடித்துவிட்டார்! திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரத்தின் சேலம் படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ (1952) படம்தான் அது. தமிழில் ‘காடு’. கதைக்கு ஆதிகால மாமத் யானைகள் வேண்டுமே? நம்மூர் யானைகளுக்குச் சடைசடையாக ரோமப் போர்வை மாட்டிவிட்டார்கள். யானைகள் என்ன நினைத்தனவோ!

உடன் நடித்த சீசர் ரொமேரோ, பின்னாளில் ‘பேட்மேன்’ தொடரில் ஜோக்கராகக் கலக்கினார்.

தமிழ் கௌபாய் என்றால் ஜெய்சங்கர். கர்ணன் இயக்கிய ‘கங்கா’ (1972) ஒரு சாம்பிள். 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என்று கௌபாய் காமெடி எடுத்தபோது, கதையில் வரும் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்துவிட்டார்.

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை இன்றும் பார்க்கலாம்.