வாயுப் பிடிப்பா, மாரடைப்பா? சோடா குடிக்கும் முன் இதைப் படியுங்கள்!

காலை ஆறரை மணி. ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்களை இறக்கிவிட்டு, அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் படப்பையைக் கடக்கும் நேரம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

"ராத்திரி கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கலண்ணே, வாயு பிடிச்சிருக்கு" என்பார் அவர். "ஒரு சோடா குடிப்பா, ஏப்பம் வந்தா சரியாயிடும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். முதலில் சோடா, அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை, அப்புறம் ரூமுக்குப் போய் ஒரு தூக்கம். பல நேரங்களில் அது உண்மையிலேயே வாயுவாகத்தான் இருக்கும். ஆனால், வாயுவாக இல்லாத அந்த ஒரு நாளில், சோடாவுக்குப் போன நேரம் உயிரின் விலையாகிவிடும்.

வலிக்கவே வேண்டும் என்று இல்லை

சினிமாவில் மாரடைப்பு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சட்டெனச் சரிவார். நிஜத்தில் பலருக்கும் அப்படி நடப்பதில்லை. மாரடைப்பு என்ற சொல்லிலேயே 'வலி' கிடையாது, 'அடைப்பு'தான் இருக்கிறது. நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்ததுபோல ஓர் அழுத்தம், கயிற்றால் கட்டியதுபோல ஓர் இறுக்கம், எரிச்சல்... இப்படித்தான் அது பெரும்பாலும் தொடங்கும். அங்கிருந்து இடது கை, தோள், தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவலாம். வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல், குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவையும் சேர்ந்து வரலாம்.

பெண்கள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு நெஞ்சில் பெரிதாக எதுவும் தெரியாமல், மூச்சு வாங்குவதும் காரணமற்ற அசதியும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். 'வலி தாங்குற அளவுக்குத்தானே இருக்கு' என்று வலியின் அளவை வைத்து முடிவெடுப்பதுதான் இதில் நடக்கும் முதல் தவறு.

வேறு எதனால் இறுக்கும்?

அமிலம் மேலேறினால் சாப்பிட்ட பிறகும் படுத்தபோதும் நெஞ்சு எரியும். கனமான பொருளைத் தூக்கித் தசை பிடித்திருந்தால், அந்த இடத்தை அழுத்தும்போதும் உடலைத் திருப்பும்போதும் வலி கூடும். ஆஸ்துமா என்றால் இறுக்கத்துடன் வீசிங் சத்தம் கேட்கும். கடும் பதற்றத்தில் படபடப்பும் கை மரத்துப்போவதும் சேர்ந்து வரும். நுரையீரலில் தொற்றோ ரத்தக்கட்டியோ இருந்தாலும் நெஞ்சு இறுக்கும். அதில் ரத்தக்கட்டி, மாரடைப்பைப் போலவே அவசரமானது.

படியேறினால் இறுக்கம், நின்றால் சரியாகிறது என்றால் 'சரியாயிடுச்சே' என்று விடக் கூடாது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான முன்னெச்சரிக்கையாக அது இருக்கலாம். அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடுகளை வைத்து வீட்டிலோ டீக்கடையிலோ தீர்ப்பு எழுத முடியாது. ஈ.சி.ஜி.தான் முதல் சாட்சி. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சிலருக்கு மாரடைப்பு இருக்கலாம் என்பதால்தான், மருத்துவர்கள் மறுபடியும் ஈ.சி.ஜி. எடுத்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

எப்போது 108?

* ஓய்வாக உட்கார்ந்தும் ஐந்து நிமிடத்தில் இறுக்கம் குறையாவிட்டால்
* இறுக்கம் கை, தாடை, முதுகுக்குப் பரவினால்
* வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் சேர்ந்தால்
* ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு இறுக்கம் வந்தால்

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். வேலை நேரம் என்றால் சூப்பர்வைசரிடமும், கம்பெனியின் மருத்துவ அறையிலும் உடனே சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

* பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக மருத்துவமனைக்குக் கிளம்பக் கூடாது. வழியில் மயங்கினால் அதுவே விபத்தாகும்.
* பக்கத்து வீட்டுக்காரரின் நாக்கடி மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது. ரத்த அழுத்தம் திடீரென இறங்கிவிடலாம்.
* 'வேகமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பக் கூடாது. அது நேரத்தைத்தான் வீணாக்கும்.

ஒருவர் சுயநினைவின்றி விழுந்து, சரியாக மூச்சுவிடவில்லை என்றால், 108-ஐ அழைத்துவிட்டு உடனே அவரின் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ரத்தக்குழாய் அடைபட்டதும் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செயலிழக்கத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப முளைக்காது. அடைப்பைக் கரைக்கும் ஊசியும் ஆஞ்சியோபிளாஸ்டியும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ, அவ்வளவு தசை மிஞ்சும்.

இதைத் தமிழ்நாடே செய்து காட்டியிருக்கிறது. 2012 முதல் 2014 வரை இங்கே நடந்த 'டிஎன் ஸ்டெமி' ஆய்வில், சிறிய மருத்துவமனைகளும் ஆம்புலன்ஸும் பெரிய இதய மருத்துவமனைகளோடு ஒரே வலையில் இணைக்கப்பட்டன. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. மாரடைப்பு வந்து ஓராண்டுக்குள் நிகழும் இறப்பு 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்திருந்தது.

2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் அடுத்த படி. நெஞ்சு இறுக்கத்தோடு வருபவருக்கு மாரடைப்பு எனத் தெரிந்தால், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று தயங்க வேண்டாம். முதல் சிகிச்சை ஊரிலேயே இருக்கிறது.

சம்பளம் போய்விடுமே?

பலரும் வாய் திறக்காததற்கு உண்மையான காரணம் இதுதான். லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போகும், கான்ட்ராக்ட் வேலையே போகலாம் என்ற பயம். ஆனால் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு, தேவையான நாள்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை 70 சதவிகித ஊதியம் கிடைக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதய சிகிச்சைகளும் அடக்கம்.

'சின்ன வயசுதானே' என்ற நம்பிக்கையும் வேண்டாம். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு அது ஏறக்குறைய 59. ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 23 சதவிகிதம் அதிகம் என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. புகையை விடுவது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது, பகல் தூக்கத்தைக் குறைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு மிக அவசியம்.

ஈ.சி.ஜி. எடுத்த பிறகு "வெறும் வாயுதான்" என்று டாக்டர் சொன்னால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தச் சோடாவை அதற்குப் பிறகு நிம்மதியாகக் குடித்துக்கொள்ளலாம்.