1905-ல் அடைந்த வீட்டுக் கடன்

சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டுக் கடன் 1905 மே மாதமே அடைந்துவிட்டது! வாங்கியது 2021-ல். கடைசித் தவணை 2041 ஜூன். ஆனால் நிதி நிறுவனத்தின் ஓட்டைக் கம்ப்யூட்டர் துப்பிய காகிதத்தில் 1905. ‘தாத்தா பிறக்குமுன்னே பேரன் கடனை அடைச்சுட்டேனாக்கும்’ என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். மனைவி சிரிக்கவில்லை. மச்சினன் சிரித்தான். பயல் லினக்ஸ் ஆசாமி.

“136 வருஷம் பின்னாடி போயிருக்கு அத்தான். 32 பிட் கோளாறு.”

யூனிக்ஸ் வழிவந்த சிஸ்டங்களுக்குக் காலண்டர் கிடையாது. 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்குப் பல வருஷம் 32 பிட்தான் இடம். ப்ளஸ்ஸா, மைனஸா என்பதற்கு ஒரு பிட் போக, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரை அடங்கும். அது நிரம்புவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்மூர் நேரம் காலை 8.44. நீங்கள் ஆபீஸ் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும் வேளை. அடுத்த விநாடி 1901 டிசம்பர்!

“64 பிட் ஆக்கித் தொலைக்க வேண்டியதுதானே?”

“அங்கதான் அத்தான் வம்பே.”

என் பி.காம். மூளைக்கு எட்டியது இது. கெர்னல் என்பவர் கவுன்ட்டர் குமாஸ்தா. புரோகிராம்கள் கட்டம் போட்ட ஃபாரத்தை நீட்டி, ‘மணி என்ன சார்?’ என்று கேட்கும். 32 பிட் மெஷினில் அந்த ஃபாரத்தில் விநாடிக்கு 4 பைட், ஒட்டினாற்போல் நானோ விநாடிக்கு 4 பைட். குமாஸ்தா திடீரென்று விநாடியை 8 பைட்டில் எழுதினால்? ரூபாய்க் கட்டத்தில் எழுதியது பைசாக் கட்டத்துக்குள் புகுந்துவிடும். பைசா ஃபாரத்துக்கு வெளியே போய் விழும். டோட்டல் எப்படி டேலி ஆகும்?

ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் 2014-ல் துணிந்து ஃபாரத்தையே மாற்றினார்கள். எல்லாப் புரோகிராமையும் மறுபடி கம்பைல் பண்ணு, அவ்வளவுதான். லினக்ஸில் அது நடக்காது. ஓடுகிற புரோகிராமைக் கெர்னல் கெடுக்கக் கூடாது என்பதில் லைனஸ் டோர்வால்ட்ஸ் படு கறார். அதனால் பழைய கவுன்ட்டரை மூடாமல், பக்கத்திலேயே புதுசு திறந்தார்கள். 2019-ல் வந்த 5.1-ல் 64 பிட் நேரம் கேட்கும் புது அழைப்புகள்; பல வருஷ ஒட்டடை வேலை முடிந்து, 2038-ஐத் தாண்டும் தெம்பு 2020-ன் 5.6-ல்.

எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. பழைய கஸ்டமரைத் துரத்தாத கடை.

ஆனால் ஒரு வில்லங்கம். பழைய ஃபாரத்தோடு கம்பைல் ஆன புரோகிராம், புதுக் கவுன்ட்டர் பக்கம் எட்டியே பார்க்காது. டெபியன் 2024-ல் 32 பிட் ஆர்ம் மெஷின்களுக்கானவற்றை மறுபடி கம்பைல் செய்தது. 32 பிட் இன்டெல்லைத் தொடவில்லை. பழைய புரோகிராம்கள் ஓடட்டும் என்று. எதிர்காலத் தேதியைக் கணக்குப் போடுகிற புரோகிராமோ 2038 வரைக்கும்கூடக் காத்திருக்காது, இன்றைக்கே உளறும். அந்த நிதி நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பதும் அந்த ஜாதிதான் என்கிறான் மச்சினன்.

மேனேஜரிடம் காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். 1905-ஐ பேனாவால் அடித்து, 2041 என்று எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, “இப்ப சரியாயிடுச்சா சார்?” என்றார்.