ரப்பருக்கு உண்டு, மிளகுக்கு இல்லை

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் மிளகின் நெடி இன்னும் மூக்கைத் துளைக்கிறது. 1957ல் உருவான மிளகு வியாபாரிகள் சங்கத்தின் கூடத்தில் ஒரு காலத்தில் தொண்டை கிழியக் கத்தித்தான் முன்பேர வணிகம் நடந்தது. அந்தக் கூச்சல் ஓய்ந்துவிட்டது. ஆனால் கொச்சியில் இன்று என்ன விலை என்ற இடுக்கி, வயநாடு விவசாயிகளின் கேள்வி ஓயவில்லை.

விலை சரிந்தால்? ரப்பர் விவசாயிக்குப் பதில் இருக்கிறது. 2015ல் கேரள அரசு கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டப்படி, ரப்பர் வாரியம் அறிவிக்கும் விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால், விற்ற ரசீதைக் காட்டி வித்தியாசத்தை வங்கிக் கணக்கில் பெறலாம். கிலோவுக்கு 150 ரூபாயில் தொடங்கிய ஆதரவு விலை 2024ல் 180 ஆனது. 2025 நவம்பரில் 200.

மிளகுக்கு அப்படி எதுவும் இல்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. 2016ல் கிலோ 700 ரூபாயைத் தொட்ட மிளகு 2017 இறுதியில் 400ஐ நெருங்கியது. இலங்கை வழியாக வியட்நாம் மிளகு வந்து குவிகிறது என்று விவசாயிகள் புகார் செய்தார்கள். தில்லி கொடுத்தது பணமல்ல, வேலி: 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது. ஏற்றுமதிக்கென வரும் மிளகுக்குப் பிறகு விலக்கும் கிடைத்தது. வேலி போட்ட பின்னும் 2019, 2020ல் விலை 400ஐ எட்டவில்லை.

மலையோரத்தில் ஒரே தோட்டத்தில் இரண்டையும் வளர்ப்பவர்கள் ஏராளம். ரப்பர் நஷ்டத்தில் அரசு பங்கெடுக்கிறது. மிளகு நஷ்டத்தில் விவசாயி தனியாள்.